தாம்போதியில் எரிந்த சிவப்பு லைற்

குழந்தைக்கு வயது இருபத்துநான்கு நாள். என் காருக்கு இருபத்துநான்கு வருடம். இரண்டையும் ஒன்றாகக் குறிகட்டுவான் துறைமுகம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு போன வெள்ளிக்கிழமை என் தலையில் விழுந்தது.

விழுந்தது என்பது பொய். நானே கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

நயினாதீவில் கோயில் பூசை செய்யும் கார்த்திகேய சர்மா எனக்குப் பத்து வருடப் பழக்கம். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். அவருடைய மனைவி அபிராமிக்கு முதல் பிள்ளை. ஒன்றரை மாதம் முந்திப் பிறந்துவிட்டது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்து, மெல்ல மெல்ல எடை ஏறி, வெள்ளிக்கிழமைதான் 'இனி வீட்டுக்குக் கொண்டு போகலாம்' என்றார்களாம். பேசி வைத்திருந்த வான்காரர் காலையில் கையை விரித்துவிட்டார். என் ஊரான சரவணைப் பக்கம் வேறு வான் கிடைக்குமா என்று சர்மா எனக்குப் போன் எடுத்தார்.

"வான் என்னத்துக்கு ஐயா? நான் வாறன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "முந்தநாள்தான் காருக்கு ஒயில் மாத்தினனான். அதுவும் நானே மாத்தினனான்!"

ஏன் நானே மாற்றினேன்? ஆர்வம்தான். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தேன், பதினைந்து வருடம் இந்தக் காரை ஓட்டினேன். அதன் அடிவயிற்றை ஒரு நாளாவது குனிந்து பார்த்தேனா? ஓய்வு எடுத்த பிறகு யூரியூப்பில் பார்த்தேன். எந்த நாட்டுக்காரரோ, தாடி வைத்த ஒரு மனுசன், பன்னிரண்டு நிமிடத்தில் பழைய ஒயிலை இறக்கி, ஒயில் பில்டரைக் கழற்றி, புதிது பூட்டி, கையைத் துடைத்துவிட்டுச் சிரிக்கிறார். எனக்கு நாலு மணித்தியாலம் எடுத்தது. சிரிக்கவும் முடியவில்லை, முதுகு பிடித்துக்கொண்டது.

'பில்டரைக் கையால் மட்டும் இறுக்குங்கள்' என்று தாடிக்காரர் இரண்டு தரம் சொன்னார். ஆனால் அவர் ஓட்டுவது வழுவழுப்பான றோட்டில். நாங்கள் ஓட்டுவது தீவு றோட்டில். கொஞ்சம் கூட இறுக்கினால் நல்லதுதானே? பெரிய ஸ்பனர் ஒன்றை இரவல் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். குசினி வாசலில் நின்ற என் மனைவி, "இனி அது கழராது எண்டு நினைக்கிறன்" என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் காரை விட்டு, உள்ளே போய், வீட்டுக்கு விடும் துண்டை எழுதி வாங்கி, பிள்ளையும் தாயுமாக வெளியே வர இரண்டு மணித்தியாலம் ஆனது. கார் நின்ற இடத்தில், முன்பக்கத்துக்கு நேர் கீழே, கறுப்பாக ஒரு வட்டம். ஒரு சோற்றுக் கோப்பை அகலம். 'எனக்கு முதல் நிறுத்தினவன் எப்படி வாகனம் வைத்திருக்கிறான் பாருங்கள்' என்று மனதுக்குள் திட்டிவிட்டு ஏறினேன்.

இதைவிட வெளிப்படையாக ஒரு கார் எப்படித்தான் பேசும்?

பின் சீற்றில் அபிராமி, மடியில் பிள்ளை. முன்னால் சர்மா. ஆஸ்பத்திரித் தாதி சொல்லிவிட்டது ஒரு பட்டியல்: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பால், தூசி கூடாது, பலமான காற்றுக் கூடாது, உடம்பு குளிரவும் கூடாது, கொதிக்கவும் கூடாது. சர்மா அதை மந்திரம் மாதிரி ஒப்புவித்துக்கொண்டே வந்தார். நயினாதீவுக்குப் போகும் கடைசிப் படகுக்கு முன் குறிகட்டுவானில் நிற்க வேண்டும். நேரம் இருந்தது. பண்ணைப் பாலம் தாண்டினோம், அல்லைப்பிட்டி தாண்டினோம். பிள்ளை நித்திரை. நான் கூட நல்லாக ஓட்டுகிறேன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

வங்களாவடிச் சந்தியில் திரும்பும்போது டாஷ்போர்டில் சிவப்பாக ஏதோ சிமிட்டியது. குனிந்து பார்ப்பதற்குள் அணைந்துவிட்டது.

"உது என்ன மாஸ்டர்? விளக்கு மாதிரிக் கிடந்தது" என்றார் சர்மா.

"ஒயில் லைற். சும்மா... வளைவில சிமிட்டும்."

வளைவில் சிமிட்டும் என்று எனக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. பதினைந்து வருடத்தில் ஒரு நாளும் அது சிமிட்டியதில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிச் சொல்லும்போது குரல் எவ்வளவு உறுதியாக வருகிறது!

அடுத்தது வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கிற தாம்போதி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன் — கடலுக்கு நடுவே கல்லும் மண்ணும் போட்டு உயர்த்திய நீளமான றோட்டு. இரண்டு பக்கமும் தண்ணீர். கடை இல்லை, வீடு இல்லை, ஒதுங்க ஒரு மரம் இல்லை. அதன் நடுவுக்குப் போனபோது லைற் மறுபடி வந்தது. இந்த முறை சிமிட்டவில்லை. எரிந்தது.

எண்ணெய்க் குவளை மாதிரி, நீண்ட மூக்கும், மூக்கு நுனியில் ஒரு சொட்டுமாக அந்தச் சின்னத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காரை ஸ்ராட் செய்யும்போது ஒரு கணம் எரிந்து அணையும். சர்மா குனிந்து உற்றுப் பார்த்தார்.

"கோயில் விளக்கு ஒயில் முடிய அணையும். உங்கட விளக்கு ஒயில் முடியத்தான் எரியுமோ?"

மனுசன் பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார்.

அந்த நேரத்தில் ஒரு மனுசனின் மூளை என்ன செய்யும் தெரியுமா? கூட்டிக் கழிக்கும். இன்னும் பத்து நிமிடம்தானே... எஞ்சின் சத்தம் வழமை போலத்தானே... சூட்டு முள் நடுவில்தானே நிற்கிறது... மெதுவாக ஓட்டினால்... பின்னால் பச்சைப் பிள்ளை, வெளியே நாலு மணி வெய்யில், படகு போய்விடும்...

"மெதுவாப் போய்ச் சேரேலாதோ மாஸ்டர்?" என்று சர்மாவும் கேட்டார்.

என் வெட்கத்தைச் சொல்கிறேன். மூன்று மின்கம்பம் தூரம் ஓட்டினேன். நாலாவது கம்பத்தில் பயம் வென்றது. ஓரம் கட்டினேன். ஓரம் கட்டிவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல், ரொறன்ரோவில் ட்ரக் ஓட்டும் என் மச்சானுக்குப் போன் எடுத்தேன். அங்கே விடிகாலை. நல்ல காலம், எழும்பித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஒயில் லைற் எரியுது..."

"சிவப்போ, மஞ்சளோ?"

"சிவப்பு."

"எஞ்சின் நிக்குதோ, ஓடுதோ?"

"ஓடுது."

"என்னத்துக்கு எனக்குக் கோல் எடுக்கிறாய்? முதல் உதை நிப்பாட்டு! பேந்து கதை!"

நிறுத்தினேன். திடீரென்று அப்படி ஓர் அமைதி. காற்றும் அலையும் மட்டும்தான் கேட்டது. பிறகு பிள்ளை கண்ணைத் திறந்து வீரிட்டது.

மச்சான் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். மஞ்சளாக எரிந்தால் அநேகமாக ஒயில் அளவு குறைந்திருக்கிறது, பார்த்து ஊற்று என்று கெஞ்சுகிறது. சிவப்பு என்றால் கெஞ்சலே இல்லை. எஞ்சினுக்குள் ஒயில் அழுத்தத்தோடு ஓடவில்லை, இரும்பும் இரும்பும் நேரே உரசப்போகிறது என்று அர்த்தம். வீடு கிட்ட, கராஜ் கிட்ட என்று ஓட்டுகிற அந்த ஒரு மைலில்தான் எஞ்சின் சாகும். உடனே ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். சமதரையில் பத்து நிமிடம் விட்டு, அளவுக்கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். குறைவென்றால் சரியான ஒயில் ஊற்றலாம். அளவு சரியாக இருந்தும் லைற் எரிந்தால் ஸ்ராட் செய்யவே கூடாது, கட்டி இழுப்பதுதான் வழி.

பொன்னெட்டைத் திறந்து அளவுக்கம்பியை இழுத்தேன். துடைத்தேன். விட்டேன். மறுபடி இழுத்தேன். பூனை நக்கிய கரண்டி மாதிரிப் பளபளத்தது. ஒரு சொட்டு இல்லை.

முந்தநாள் மூன்று லீற்றர் ஊற்றினேனே... எங்கே போனது?

காருக்குள் வெக்கை ஏறிவிட்டது. கதவைத் திறந்தால் காற்றும் தூசியும். அபிராமி சேலைத் தலைப்பால் பிள்ளையை மூடிப் பால் கொடுக்கப் பார்த்தார். சின்ன உடம்பு, அழுகையில் சிவந்து, குடிக்க மறுத்தது. "அழாதையம்மா, அழாதை" என்று சொல்லிக்கொண்டிருந்த தாயின் குரலும் உடையத் தொடங்கியது. சர்மா வெளியே இறங்கி, இரண்டு பக்கமும் றோட்டைப் பார்த்தபடி நடந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

தாம்போதிக் கரையில், தங்கள் மோட்டார் படகுக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று நண்டு வலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி எங்களைக் கவனித்துவிட்டு ஏறி வந்தார்கள். அல்லைப்பிட்டிக்காரர். அவர் அன்ரன், அவ றெஜினா. நாற்பது வயதிருக்கும். நான் அன்ரனிடம் விளக்கத் தொடங்கினேன். அவர் கையால் மனைவியைக் காட்டினார்.

"அவவிட்டச் சொல்லுங்கோ. எங்கட வீட்டில கடலை நான் பாப்பன், எஞ்சினை அவதான் பாப்பா."

றெஜினா முதலில் எஞ்சினைப் பார்க்கவில்லை. பின் கதவுக்குப் போனார். அன்ரன் மாற்றி உடுக்கவென்று தோளில் போட்டிருந்த ஈரமில்லாத சாரத்தை எடுத்து, வெய்யில் அடிக்கிற ஜன்னலில் விரித்துக் கண்ணாடியில் செருகினார். காற்று வராத பக்கத்துக் கதவை அரைவாசி திறந்துவிட்டார். "காலில சுத்தின துணியைக் கழட்டிவிடுங்கோ தங்கச்சி, பிள்ளைக்கு வேர்க்குது" என்றார். இரண்டு நிமிடத்தில் அழுகை இறங்கியது. அதன் பிறகுதான் என் பக்கம் வந்தார்.

"திருப்பி ஸ்ராட் பண்ணிப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"நல்லது. பண்ணாதேங்கோ."

மல்லாந்து படுத்துக் காருக்குக் கீழே தலையை விட்டார். ஒரு விரலை எங்கோ வைத்து எடுத்தார். விரல் முழுக்கக் கறுப்பு.

"பில்டரடியிலதான் போயிருக்கு. அடி முழுக்கத் தோய்ஞ்சு கிடக்கு. இதை ஆர் பூட்டினது?"

கேள்வி எளிது. பதிலும் எளிது. ஆனால் அந்த இடத்தில், அந்தத் தாய் காதுபட, என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "கராஜில... குடுத்துச் செய்தது."

"அந்தக் கராஜ்காரனுக்கு ரெண்டு போடோணும்" என்றார் றெஜினா.

சர்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். 'நானே மாத்தினனான்' என்று காலையில் போனில் நான் முழங்கியதைக் கேட்ட ஒரே மனுசன். கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் குறிகட்டுவான் பஸ் வந்தது. அன்ரன் நடு றோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றார். நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போகிற சனத்தோடு பஸ் பிதுங்கி வழிந்தது. கொண்டக்டர் எட்டிப் பார்த்தார். பிள்ளையைக் கண்டதும் உள்ளே திரும்பிக் கத்தினார்: "பச்சைப் பிள்ளை ஏறுது! எழும்புங்கோ, எழும்புங்கோ!" ஒரு சீற் கேட்டவருக்கு நாலு சீற் காலியானது. டிரைவர் பாட்டை நிறுத்தினார். யாரோ ஒரு பெண் ஜன்னல் கண்ணாடியைத் தானே இழுத்து மூடினார். படகு புறப்படும் நேரத்தை நான் கேட்டதற்கு டிரைவர், "படகுக்குப் போன் போட்டுச் சொல்லுறன். நிப்பாங்கள்" என்றார், ஏதோ பக்கத்து வீட்டுக்குச் சொல்வது மாதிரி.

ஏறுவதற்கு முன் சர்மா என் கிட்ட வந்தார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"மாஸ்டர், அந்த அக்காவுக்கு நடந்ததைச் சரியாச் சொல்லுங்கோ. எப்பிடிப் பூட்டினது எண்டு தெரிஞ்சால்தானே அவ திருத்தலாம்."

பஸ் போய்விட்டது. நான், கார், அன்ரன், றெஜினா. சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் 'முதல் கழற்றட்டும்' என்று ஒரு சாட்டு உடனே கிடைத்தது. சாட்டுக்கு என்ன பஞ்சம்?

றெஜினா பில்டரைக் கழற்ற ஒரு பாடு பட்டார். அன்ரன் படகிலிருந்து கொண்டுவந்த சங்கிலி ஸ்பனரைப் போட்டு, கணவனும் மனைவியுமாக மாறி மாறி இழுத்துத்தான் அது அசைந்தது. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என் கையில் தந்தார்.

"இஞ்ச பாருங்கோ. பில்டர் வாயில ஒரு றப்பர் வளையம் இருக்கோணும். ரெண்டு கிடக்கு."

ஒன்று புதியது. அதன் மேல், கறுத்துத் தட்டையாகிப்போன இன்னொன்று. பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதைக் கவனிக்காமல் புதியதை மேலே பூட்டியாயிற்று. இரண்டு றப்பர் ஒன்றின்மேல் ஒன்று பிடிக்காது. எஞ்சின் சூடேறி அழுத்தம் கூடியதும் ஒன்று வழுக்கி வழிவிட்டிருக்கிறது. மூன்று லீற்றரும் தாம்போதி வரை றோட்டோடு கோடு போட்டுக்கொண்டு வந்திருக்கும்.

தாடிக்காரர் பழைய பில்டரைத் தூக்கிக் காட்டி, வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள் என்று சொல்லியிருப்பார். அந்த இடத்தில் நான் தள்ளிவிட்டிருப்பேன்.

"றெஜினா... அது கராஜ் இல்லை. நான்தான் பூட்டினனான்."

அவர் வளையத்தைச் சுரண்டிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "தெரியும்."

"எப்பிடி?"

"கையால இறுக்கிற சாமானை ஸ்பனர் போட்டு நசுக்கி வைச்சிருக்கு. கராஜ்காரன் தன்ர வீட்டுச் சாமானை எண்டாலும் இப்பிடிச் செய்யான். சரி விடுங்கோ. நானும் முதல் எஞ்சினைக் கழட்டிப் பூட்டேக்குள்ள நாலு நட்டு மிஞ்சினது."

"நாலு இல்லை, ஆறு" என்றார் அன்ரன்.

பழைய வளையத்தை உரித்து எறிந்தார். எஞ்சினில் பில்டர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். நசுங்கிய பில்டர்தான், ஆனால் ஓட்டை இல்லை, வீடு போய்ச் சேரும் வரைக்குப் போதும், நாளைக்குப் புதிது போடுங்கள் என்று சொல்லி, கையால் மட்டும் இறுக்கிப் பூட்டினார். எனக்கு உதவி செய்ய வேண்டும் போல இருந்தது.

"படகில ஒயில் வைச்சிருப்பீங்கள்தானே? அதை ஊத்துவமோ?"

றெஜினா முதல்தரம் என்னை நேரே பார்த்தார். "மாஸ்டர், எங்கட மோட்டருக்குப் போடுறது பெற்றோலோட கலந்து எரிஞ்சு போற ஒயில். காருக்குப் போடுறது எரியக் கூடாத ஒயில். ரெண்டும் ஒண்டில்லை."

அன்ரன் கரையில் விட்டிருந்த தன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புங்குடுதீவுக் கடைக்குப் போனார். நல்ல வேளை, வாங்க வேண்டிய ஒயில் எதுவென்று எனக்கு நம்பரோடு மனப்பாடம். அன்று முழுக்க நான் சரியாகச் சொன்ன ஒரே பதில்.

அவர் வரும்வரை கரைக்கல்லில் இருந்தோம். எனக்கு ஒரு சந்தேகம் குடைந்துகொண்டே இருந்தது. கேட்டேன்.

"ஒயில் மெல்ல மெல்லத்தானே குறைஞ்சிருக்கும்? லைற் ஏன் முன்னமே சொல்லேல்லை?"

"அது ஒயில் இருக்கோ எண்டு பாக்கிற லைற் இல்லை. ஒயில் போகவேண்டிய இடத்துக்குப் போகுதோ எண்டு பாக்கிறது. கடைசிச் சொட்டு இருக்குமட்டும் பம்ப் தள்ளும். தள்ளேலாமல் போகேக்குள்ளதான் எரியும். அப்ப நேரம் முடிஞ்சுது."

எத்தனையோ வருடம் அந்தச் சின்னத்தை ஓர் அளவுகோல் என்று நினைத்திருக்கிறேன். அது அளவுகோல் அல்ல, அலறல். அளவு பார்க்க வேண்டியது நாங்கள், கம்பியை இழுத்து. மனுசருக்கும் அப்படித்தானோ? 'முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்று எத்தனை பேரை நாங்கள் குறை சொல்கிறோம். ஒரு நாளாவது கம்பியை இழுத்துப் பார்த்தோமா?

அன்ரன் வந்தார். ஒயில் ஊற்றினோம், பொறுத்தோம், அளவுக்கம்பியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் தேன் நிறத்தில் நின்றது. றெஜினா கீழே படுத்துக்கொண்டு, "இப்ப ஸ்ராட் பண்ணுங்கோ. லைற் அணையாட்டி உடனே நிப்பாட்டுங்கோ" என்றார்.

சாவியைத் திருப்பினேன். சிவப்பு எரிந்தது. ஒன்று... இரண்டு... கணக்கு வாத்திக்கு மூன்றுக்குப் பிறகு என்ன வரும் என்று மறந்துபோனது.

அணைந்தது.

எஞ்சினில் தட்டும் சத்தம் இல்லை. கீழே ஒரு சொட்டும் விழவில்லை. மூன்று கம்பத்தில் நிறுத்தாமல் பத்துக் கம்பம் போயிருந்தால் இது கார் இல்லை, பழைய இரும்பு என்றார் றெஜினா, சாரத்தை உதறித் தோளில் போட்டபடி.

வேலணைப் பக்கம் திருப்பும்போது போன் வந்தது. சர்மா. பின்னால் படகு மோட்டார் இரைச்சல்.

"ஏறீட்டம் மாஸ்டர். எங்களுக்காகக் கொஞ்சம் நிண்டவை. பிள்ளை பால் குடிச்சிட்டு நித்திரை."

"ஐயா, உண்மையைச் சொல்லிப்போட்டன்."

"ஓம், சொல்லுவீங்கள் எண்டு தெரியும்" என்றார். அந்த மனுசனுக்கு என்னிடம் அவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் கார் முறையாகக் கராஜுக்குப் போனது. ஆனால் ஆர்வம் என்னை விட்டுப் போகவில்லை. அடுத்த ஞாயிறு தங்கள் படகு மோட்டரைப் பிரித்துத் துப்புரவு செய்யப்போவதாக றெஜினா சொன்னார். பார்க்க வரலாமா என்று போனில் கேட்டேன்.

"தாராளமா வாங்கோ மாஸ்டர்" என்றார். "கையை மட்டும் பின்னால கட்டிக்கொண்டு நிண்டு பாருங்கோ."